கஞ்சி ஏன் தண்ணீராகிறது?

கிண்ணத்தில் பாதிக் கஞ்சி மிச்சமிருந்தது. சந்திரமதி கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்த்தாள். கஞ்சி ஒழுகியது.

ஒழுகக் கூடாது. சற்று முன்பு சிற்றுண்டிச்சாலைச் சன்னலில் வாங்கியபோது இதே கஞ்சி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கரண்டியைச் சாய்த்ததும் ஒரே உருண்டையாகத் தொப்பென்று விழுந்தது. அங்கிருந்து அவள் நடத்தும் சிறப்புக் கல்வி வகுப்புக்கு ஒரு நடைபாதை தூரம்தான். வழியில் மழை பெய்யவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் பாதி ஊட்டி முடிப்பதற்குள் அது ரசமாகிவிடுகிறது. இந்த வாரம் முழுக்க இதே கதை.

தேன்மொழி இருமினாள்.

"போதும்டா தேனு, போதும்," என்று சந்திரமதி கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையை முன்னால் சாய்த்து முதுகைத் தடவினாள். இருமல் நின்றது. நின்றதும் தேன்மொழி, தன் நாற்காலியின் மேசைப் பலகையில் ஒட்டியிருந்த படங்களில் ஒன்றைத் தொட்டாள். 'இன்னும் வேண்டும்.'

அதுதான் கொடுமை. பிள்ளைக்குப் பசி.

தேன்மொழிக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூளைக்குக் கொஞ்ச நேரம் உயிர்க்காற்று கிடைக்காமல் போனதால், கை, கால், நாக்கு எல்லாம் அவள் சொல்வதைத் தாமதமாகத்தான் கேட்கும். சொல்வதில் அவளுக்குத் தாமதமே கிடையாது. பேச்சு வராவிட்டாலும் படப் பலகையை வைத்துக்கொண்டே பள்ளியில் எல்லாருக்கும் பெயர் வைத்திருந்தாள். தலைமையாசிரியர் ராஜசேகரன் ஆந்தை. சிற்றுண்டிச்சாலை நடத்தும் கமலநாதன் யானை. சந்திரமதிக்கு என்ன படம் என்பதை மட்டும் அவள் இதுவரை வெளியிடவில்லை.

விழுங்குவது என்பது நாம் யோசிக்காமல் செய்கிற பெரிய வேலை. தொண்டைக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. சாப்பாடு வரும்போதெல்லாம் மூச்சு வழியை ஒரு மூடி வந்து மூட வேண்டும். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் தடுப்புக் கம்பியை நினைத்துக்கொள்ளலாம். கம்பி மெதுவாக இறங்கினால் மோட்டார் சைக்கிள் சர்ரென்று புகுந்துவிடும். பாரம் ஏற்றிய லாரி அப்படிப் புக முடியாது. அது ஆடி அசைந்து வருவதற்குள் கம்பி இறங்கிவிடும். தண்ணீர் என்பது மோட்டார் சைக்கிள். கெட்டிக் கஞ்சி என்பது லாரி. தேன்மொழியின் கம்பி கொஞ்சம் மெதுவாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவில், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுப்பதும் அடங்கும்.

அதனால்தான் அவளுக்கு எல்லாமே மையாக அரைத்து, கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போன வருடம்வரை அவள் அம்மா வாசுகி, ஓய்வு நேரத்துக்குத் தானே வந்து ஊட்டிவிட்டுப் போவாள். அதற்காகவே அவளுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. செனாய் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் விட்டாள். ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள், அதுவும் போயிற்று. இந்த வருடம் சிங்கப்பூரில் ஒரு வேலை கிடைத்தது. விடியுமுன் இங்கே கூலாயில் பஸ் ஏறி எல்லைப் பாலம் கடக்க வேண்டும். பகலில் எதற்கும் திரும்பி வர முடியாது.

"நீங்க போங்க வாசுகி. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்," என்று வாக்குக் கொடுத்தவள் சந்திரமதிதான். "ஸ்கூல்லேர்ந்து போன் வராது."

இப்போது அந்த வாக்குதான் கிண்ணத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் கிண்ணத்தோடு நேராகச் சிற்றுண்டிச்சாலைக்குப் போனாள்.

"கமலண்ணே, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. கஞ்சில தண்ணி ஏதும் ஊத்துறீங்களா?"

கமலநாதன் மீ ஹூன் சேமியாவைக் கிளறிக்கொண்டிருந்த அகப்பையை அப்படியே நிறுத்தினார். பெரிய உடம்பு. கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும்.

"டீச்சர், என் சாம்பார் தண்ணியா இருக்குன்னு நாலாம் வகுப்பு பாட்டே கட்டியிருக்கு. ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பிள்ள கஞ்சில நான் கைவைப்பேனா? அதுக்குன்னே தனியா பிளண்டர் வாங்கி வச்சிருக்கேன். என் பொண்டாட்டி தேங்கா அரைக்கக் கேட்டா, குடுக்கல. அன்னிலேர்ந்து வீட்ல எனக்கே கஞ்சிதான்."

பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துக் காட்டினார். கஞ்சி யோசித்துவிட்டு, உருண்டையாக விழுந்தது.

"பாத்தீங்களா? நம்ம தப்பு இல்ல. இருந்தாலும் நாளைக்கு இன்னும் கெட்டியா வச்சுத் தரேன் லா. கவலப்படாதீங்க."

மறுநாள் அவர் கொடுத்தது கெட்டியாக இருந்தது என்று சொல்வது குறைவு. கரண்டி அதில் நின்றது. அதை வைத்து நடைபாதை உடைசலைப் பூசியிருக்கலாம்.

அளவுக்கு மீறின கெட்டியும் ஆகாது. அது நாக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. தேன்மொழி ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் போராடி விழுங்கினாள். ஓய்வு நேர மணி அடித்து முடிந்தும் ஊட்டுவது முடியவில்லை. ஆனால் நேரம் ஆக ஆக, கல்லாக இருந்த கஞ்சி களியாயிற்று. களி கூழாயிற்று. கூழ் ஒழுகியது. கடைசியில் முன்னைவிடத் தண்ணீர். தேன்மொழி இருமி இருமிக் கண் கலங்கினாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

ராஜசேகரன் ஒரு காலத்தில் அறிவியல் ஆசிரியர். பதவி உயர்ந்த பிறகு அறிவியல் குறைந்து கூட்டம் அதிகமாகிவிட்ட மனிதர். கிண்ணத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"மேல காத்தாடி ஓடுதுல்ல, கஞ்சி ஆறுது. ஆறினா தண்ணி பிரிஞ்சு நிக்கும். தயிருல நிக்கும் பாருங்க, அந்த மாதிரி."

"ஆறினா கஞ்சி இறுகத்தானே சார் செய்யும்?"

"சாதாரணக் கஞ்சி இறுகும். இது அரைச்ச கஞ்சி." அவர் குரலில் இருந்த உறுதி ஆதாரம் கேட்க விடவில்லை. "சுடுதண்ணிச் சட்டிக்குள்ள கிண்ணத்த வச்சு, வெதுவெதுன்னே ஊட்டுங்க."

அடுத்த நாள் அப்படியே செய்தாள். கஞ்சி முன்பெல்லாம் பாதியில்தான் இளகும். வெதுவெதுப்பில் வைத்த கஞ்சி கால்வாசியிலேயே இளகிவிட்டது.

"அலமாக்," என்று திகைத்தார் தலைமையாசிரியர். "இது லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஒரு குழு போட்டுருவோம்."

குழு போடப்பட்டது. தலைவர் ராஜசேகரன். செயலாளர் சந்திரமதி. செயலவை உறுப்பினர் கமலநாதன்.

"கூட்டத்துக்குத் தேத்தண்ணி யாரு போடறது?" என்று கேட்டார் கமலநாதன்.

"செயலவை உறுப்பினர்," என்றார் தலைவர்.

முதல் கூட்டத்தில் அரிசி குற்றவாளி ஆயிற்று. பொன்னி அரிசியை விட்டுப் பச்சரிசிக்கு மாறினார்கள். அது நீர்த்தது. உடைத்த அரிசி நீர்த்தது. சவ்வரிசி கண்ணாடி மாதிரி அழகாக நின்று, அழகாக நீர்த்தது. சோளமாவு கலந்த கோழி சூப், கிண்ணத்தில் இருந்ததா கரைந்ததா என்றே தெரியவில்லை. பிளண்டரின் தகடு கஞ்சியை 'உள்காயப்படுத்துகிறது' என்று தலைவர் சந்தேகப்பட்டதால், கமலநாதன் ஒரு நாள் முழுக் கஞ்சியையும் சல்லடையில் கையாலேயே தேய்த்து எடுத்தார். கை வலித்ததுதான் மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. அரிசியோ, சவ்வரிசியோ, சோளமோ, எல்லாவற்றுக்கும் கெட்டித்தன்மை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. மாவுச்சத்து. அது கண்ணுக்குத் தெரியாத நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னித் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் கஞ்சி நிற்கிறது. சங்கிலி துண்டு துண்டாக அறுந்தால் தண்ணீருக்கு விடுதலை. ஆக, யாரோ அறுக்கிறார்கள். எந்த அரிசி என்பது கேள்வியே அல்ல. அறுப்பது யார் என்பதுதான் கேள்வி. குழு அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நாலு வகை அரிசியை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தது.

சந்திரமதிக்கு இரவெல்லாம் அந்த இருமல்தான் காதில் கேட்டது. சாயங்காலம் வாசுகியிடமிருந்து வாட்சாப்பில் குரல் செய்தி வரும். பின்னால் பஸ் இரைச்சல். "டீச்சர், தேனு நல்லா சாப்பிட்டாளா?"

"நல்லா சாப்பிட்டா வாசுகி," என்று சந்திரமதி பதில் அனுப்புவாள். அது முழுப்பொய் இல்லை. பிள்ளை சாப்பிட ஆசைப்பட்டாள். கஞ்சிதான் ஒத்துழைக்கவில்லை.

வாசுகியிடமே கேட்டுவிடலாமா என்று ஒருமுறை யோசித்தாள். கேட்டால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும். 'ஏன் டீச்சர், இருமுறாளா?' அதற்கு ஆமாம் என்று சொன்னால் மறுநாளே வாசுகி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அவளைக் காப்பாற்றத்தான் அவளிடம் கேட்கவில்லை.

ஒரு நாள் கமலநாதனே வகுப்புக்கு வந்தார். கையில் இரண்டு கிண்ணம்.

"டீச்சர், என்னால தாங்க முடியல. பெற்றோர் சங்கத்துல ஒருத்தர், 'கமலு, காசு மிச்சம் பண்ண கஞ்சில தண்ணி ஊத்துறியாமே'ன்னு கேக்கறாரு. இந்தாங்க. ரெண்டும் ஒரே பானை. ஒண்ணத் தேனுக்கு ஊட்டுங்க. இன்னொண்ணு சும்மா இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது. காத்தாடி, வெயிலு, கொசு எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

நல்ல யோசனை. சந்தேகப்படும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. குழு இத்தனை நாள் அதைச் செய்யவில்லை.

தேன்மொழிக்குக் கொண்டாட்டம். ஊட்டிக்கொண்டே சந்திரமதி இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்க்க, அவளும் பார்த்தாள். ஓய்வு நேரம் முடிந்தபோது, தொடாத கிண்ணம் காலையில் வைத்தபடியே மேடு கட்டி நின்றது. ஊட்டின கிண்ணம் ஒழுகியது.

கமலநாதன் நீர்க்காத கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அலுவலகத்தில் காட்டினார். ஆசிரியர் அறையில் காட்டினார். வாயிற்காவலரிடம் காட்டி, கரண்டியைச் சாய்த்து, "தொப்புன்னு விழுதா இல்லையா, நீயே சொல்லு," என்றார். என்ன வழக்கு என்றே தெரியாத காவலர், "விழுதுண்ணே," என்று தீர்ப்புக் கொடுத்தார்.

அவசரக் கூட்டம் கூடியது.

"ஆக, சமையல்ல பிழை இல்ல," என்றார் தலைவர்.

"அதத்தானே சார் நான் முதல் நாள்லேர்ந்து கத்துறேன்."

"ஊட்டுற கிண்ணம் மட்டும்தான் நீர்க்குது. ஊட்டும்போது என்ன நடக்குது? கரண்டி உள்ள போகுது, வருது. கரண்டி பெருசு. கஞ்சி அலையுது. அலைய அலைய இளகுது." அவர் முகத்தில் விடை கிடைத்த வெளிச்சம். "சின்னக் கரண்டி எடுங்க. ஐஸ்கிரீம் கரண்டி. கொஞ்சமா, மெதுவா, நோகாம ஊட்டுங்க. பதட்டமே கூடாது."

விடையின் வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டுக்குப் போவது என்று ஒன்று உண்டு. அன்று குழு போனது அங்கேதான்.

சந்திரமதி சின்னக் கரண்டி எடுத்தாள். பிறந்த குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் பேசினாள், காத்திருந்தாள், உதட்டோரத்தில் வழிந்ததை வழித்து மறுபடி ஊட்டினாள். முன்பு ஒரு வாய் ஊட்டிய இடத்தில் இப்போது மூன்று வாய். அவள் இத்தனை பொறுமையாக எதையும் செய்ததில்லை.

அன்றைக்குத்தான் மிக மோசமாகப் போயிற்று.

கடைசிக் கரண்டிகள் கஞ்சியே இல்லை. தேன்மொழிக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. சந்திரமதி அவளை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "விடு தேனு, வெளிய விடு," என்றாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு வழியாக மூச்சு வந்தது. தேன்மொழி நெற்றியை டீச்சர் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு தலையைத் தூக்கி, கையை மெல்ல நகர்த்தி, பலகையில் ஆந்தையைத் தொட்டாள். அடுத்து 'வேண்டாம்' என்ற படத்தைத் தொட்டாள்.

சந்திரமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆந்தை வாசலில்தான் நின்றிருந்தார். இந்த முறை அவர் எதையும் விளக்கவில்லை.

"டீச்சர், இனிமே மறைக்கக் கூடாது. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களும் நானும் என்ன பதில் சொல்றது? அம்மாவக் கூப்பிடுங்க. நம்மளால முடியலன்னு சொல்லிருவோம்."

"சொன்னா வேலைய விட்டுருவாங்க சார்."

"தெரியும்."

"மறுபடி ஒரு வேல கிடைக்குமான்னு தெரியாது."

"அதுவும் தெரியும் டீச்சர்."

அவள் போன் செய்தாள். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் சத்தம். வாசுகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன்," என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் ஏற்கெனவே ராஜினாமா இருந்தது.

மறுநாள் ஓய்வு நேரத்துக்கு வாசுகி வந்தாள். மெலிந்த உடம்பு. தூக்கம் போதாத கண்கள். தோள்பையைக் கழற்றி மாட்டக்கூட இல்லை. தேன்மொழி அவளைப் பார்த்ததும் உடம்பு முழுக்கச் சிரித்தாள். வாசுகி பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"மன்னிச்சிருங்க வாசுகி," என்றாள் சந்திரமதி. "போன் வராதுன்னு சொன்னேன்."

"நீங்க என்ன டீச்சர் செய்வீங்க? பெத்த எனக்கே எத்தன நாள் ஆச்சு, இவ சாப்பாட்டப் பழக." பையிலிருந்து வேலை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். "இது எனக்கு மூணாவது வேல. சூப்பர்வைசர்கூட நல்லவரு. சரி, விடுங்க. கஞ்சி இருக்கா?"

கமலநாதன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவளிடம் கொடுப்பதற்கு முன் கரண்டியைச் சாய்த்துக் காட்டினார்.

"தங்கச்சி, சாமி சத்தியமா நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. பாத்துக்க. தொப்புன்னு விழுது."

"நல்லாத்தான் இருக்குண்ணே. இன்னொரு கரண்டி குடுங்க."

கமலநாதன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சத்தியம் வேணாம், சோதனையே பண்ணியாச்சு," என்று தொடங்கினார். "ரெண்டு கிண்ணம் வச்சேன். ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு ஓடுச்சு. அப்போ என் பேருல ஏன் கெட்ட பேரு?"

"யாரு உங்களக் குத்தம் சொன்னா?" என்றார் ராஜசேகரன். "கரண்டியோட அளவுதான் காரணம்னு நான் இன்னும் நம்பறேன். இன்னும் சின்னதா, மருந்துக் கரண்டி மாதிரி இருந்தா…"

"சார், சின்னக் கரண்டிலதான் நேத்து பிள்ளைக்கு மூச்சே நின்னுருச்சு," என்றாள் சந்திரமதி. அவள் இதுவரை தலைமையாசிரியரிடம் குரல் உயர்த்தியதில்லை. "சூட்டுல வைக்கச் சொன்னீங்க, வச்சேன். மோசமாச்சு. மெதுவா ஊட்டச் சொன்னீங்க, ஊட்டினேன். இன்னும் மோசமாச்சு. நான் எவ்வளவு கவனமா பண்றேனோ அவ்வளவு மோசமாகுது. அது ஏன்?"

"அப்போ தண்ணிதான் காரணம்," என்றார் கமலநாதன். "கூலாய்த் தண்ணில குளோரின் ஜாஸ்தி."

"ரெண்டு கிண்ணத்துக்கும் அதே தண்ணிதானே அண்ணே?"

"அப்படின்னா கிண்ணம். பிளாஸ்டிக். எவர்சில்வர்ல குடுத்துப் பாப்பமா?"

"அத அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்," என்றார் தலைவர். "முதல்ல இதுவரைக்கும் நாம கண்டுபிடிச்சத வரிசைப்படுத்துவோம்."

வரிசைப்படுத்துவதில் சண்டை வந்தது. அரிசியை முதலில் வைப்பதா, பிளண்டரையா என்று கமலநாதனும் தலைவரும் மோதிக்கொண்டார்கள். பிளண்டரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கமலநாதனின் காது சிவந்தது. சந்திரமதி நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக் கையை விரித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. பின்னால் இருமல் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தேன்மொழி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசுகி முந்தானை இல்லாத தன் சட்டையின் கையால் பிள்ளையின் கன்னத்தை ஒற்றினாள். கிண்ணத்தின் அடியில் இரண்டு வாய்க் கஞ்சி மிச்சமிருந்தது.

சந்திரமதி குனிந்து, கிண்ணத்தில் கிடந்த கரண்டியால் அதை அள்ளிச் சாய்த்தாள்.

கஞ்சி அசையவில்லை. பிறகு ஒரே உருண்டையாக விழுந்தது.

சண்டை நின்றது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கமலநாதன் கிட்ட வந்து, கிண்ணத்தை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். ஓய்வு நேரம் முடிந்த மணி அடித்தது, யாரும் நகரவில்லை.

"அதே கஞ்சி," என்றார் கமலநாதன் மெதுவாக. "அதே பானை. என்னம்மா பண்ணுன?"

"எதுவும் பண்ணலியேண்ணே."

"கடைசிவரைக்கும் கெட்டியா இருக்கே வாசுகி," என்றாள் சந்திரமதி. "நான் ஊட்டினா இப்படி நிக்காது. எவ்வளவு பாத்துப் பாத்து ஊட்டினாலும் நிக்காது. நீங்க எப்படி ஊட்டுனீங்க?"

வாசுகி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். அப்புறம் தன் கையில் இருந்த மற்றொரு கரண்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் இங்கே என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"வாய்க்குப் போன கரண்டியவே திரும்பக் கஞ்சில விட்டீங்களா? எச்சி பட்ட சோறு நீத்துப்போகும்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே. பிள்ள எச்சி நமக்கு எச்சி இல்ல டீச்சர், ஆனா கஞ்சிக்கு எச்சிதான். ரெண்டு கரண்டி வச்சுக்குங்க: ஒண்ணு கிண்ணத்துலயே இருக்கட்டும், அதால அள்ளி மத்ததுல போட்டு அவளுக்குக் குடுங்க. நான் நாளைக்கு வேலைக்குப் போறேன்."